மாமன் குறை, அப்பன் பதில்

கரைமேல்மங்கலத்தில் ஆற்றுக்குப் புதுத்தண்ணீர் வந்த ஆடி மாதத்தில், அரிசி மில்லுக்காரர் வைத்திலிங்கம் தன் மூட்டைத் தொழிலாளி பக்கிரியைப் பார்த்துச் சோற்றைப் பற்றிய பழமொழி ஒன்றைச் சொன்னார். சொன்ன வாயை மூடுவதற்குள் அவர் வீட்டு அடுக்களையில் வடித்து நிமிர்த்தியிருந்த சோறு பானையை விட்டுக் கிளம்பி, தெருக்களைத் தாண்டி, மில் வாசலில் பக்கிரி கையிலிருந்த துண்டில் ஆவி பறக்க வந்து விழுந்தது. பக்கிரி சூடு தாங்காமல் துண்டைக் கீழே வைத்தான். குனிந்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பதம் பார்த்தான். கூலியை உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்க வந்ததையே மறந்துவிட்டு, "கொழம்பு வரலியே மொதலாளி?" என்று கேட்டான்.

ஊரும் அன்று சாயங்காலம் அதையேதான் கேட்டது. சோறு எப்படிப் பறந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வருகிற சோறு வரத்தான் செய்யும், ஆனால் வெறும் சோற்றை அனுப்புவது என்ன மரியாதை, பெரிய மனுஷன் வீட்டில் ரசத்துக்குமா பஞ்சம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அவர் சொன்னது எந்தப் பழமொழி என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் தெரிந்த பழமொழிதான், உங்களைப் பார்த்தும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் கதை சொல்கிறவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது, இன்றைக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வேறு, அதை இழக்கிற அளவுக்கு இந்தக் கதை பெரிதில்லை.

வைத்திலிங்கத்தை அறிந்தவர்களுக்கு இது அவருக்கு வந்ததில் வியப்பில்லை. அவர் கொடுப்பதில் வஞ்சனை இல்லாதவர், பழமொழியை மட்டும். கூலி கேட்டால் உப்பில் ஒன்று, முன்பணம் கேட்டால் கஞ்சியில் ஒன்று, கோயில் அன்னதானத்துக்கு நன்கொடை கேட்டு வந்தால் பாலில் ஒன்றும் பாயசத்தில் ஒன்றுமாக இரண்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை ஒரு மரக்கால் அரிசி வேண்டும் என்று கேட்டு வந்த பெண்ணுக்குச் சுக்கில் ஒன்று என்று, கேட்டவர் கேட்ட பொருளுக்குத் தக்கபடி பொறுக்கி எடுத்துக் கொடுத்தனுப்புவார். வாங்கிக்கொண்டவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் கேட்டது தங்கள் தப்புதான் என்று நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். பழமொழிக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு, அதைச் சொன்னவன் யாரோ செத்துப்போன ஆள், அவனோடு யார் போய்ச் சண்டை போடுவது.

இதெல்லாம் ஆடி மாதத்தோடு மாறிப்போயிற்று. ஊர் கொஞ்ச நாளிலேயே இதன் வழிமுறையைப் பழகிக்கொண்டது. சாப்பாட்டைப் பற்றிய பழமொழியை ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொன்னால், அதில் வருகிற பண்டம் சொன்னவர் அடுக்களையில் இருக்குமானால், அது அப்படியே கிளம்பி, கேட்டவர் கைக்கோ இலைக்கோ போய்விடும். இல்லாவிட்டால் வெறும் பேச்சு, முன்பு இருந்த மாதிரியே. யார் செலவில் அடுப்பு எரிகிறதோ அவருடைய அடுக்களை என்பது கணக்கு. பிரியாணிக்குப் பழமொழி இல்லாதது இளவட்டங்களுக்குப் பெரிய மனக்குறையாகி, தமிழாசிரியரைப் பிடித்துப் புதிதாக ஒன்று இயற்றச் சொன்னார்கள். அவரும் எதுகை மோனையோடு இயற்றி, பிரியாணிக் கடை முதலாளியையே கூப்பிட்டு வந்து சொல்லவைத்தார். ஒரு எலும்புத்துண்டுகூட வரவில்லை. செத்துப்போனவர்கள் வாயில் புரண்டு வந்தால்தான் பழமொழி என்று ஊர் தெரிந்துகொண்டது.

அதற்குப் பிறகு கரைமேல்மங்கலத்தில் புத்திமதி கேட்கப் போகிறவர்கள் தூக்குவாளியோடு போனார்கள். மருமகள்கள் மாமியார் எதிரில் வேண்டுமென்றே பாலைப் பொங்கவிட்டு, தட்டை ஏந்திக்கொண்டு திட்டுக்குக் காத்து நின்றார்கள். மாமியார்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். தேரடியில் பட்டிமன்றம் பேச வந்த வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் விவரம் தெரியாமல் நெய்யிலிருந்து ஆரம்பித்து மோர் வரைக்கும் வரிசையாகச் சொல்லித் தள்ள, முன்வரிசை வயிறு நிறைந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கையில் அவர் மனைவி போனில் கூப்பிட்டு, வீட்டில் ஊறுகாய் ஜாடி தவிர வேறொன்றும் இல்லை, நீங்கள் அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். விசாரிக்க வந்த அதிகாரி இரண்டு வேளை நன்றாகப் புத்திமதி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இது உணவுத் துறையைச் சேர்ந்ததா கலாசாரத் துறையைச் சேர்ந்ததா என்று தெரியவில்லை என எழுதிவிட்டுப் போனார்.

எல்லாவற்றிலும் வேடிக்கை, உள்ளவர்களுக்கு வாய் அடைத்துப்போனதும் இல்லாதவர்களுக்கு வாய் திறந்துகொண்டதும்தான். பானை கவிழ்ந்து கிடக்கிற வீட்டுக்காரன் எதைச் சொன்னாலும் அவனுக்கு நஷ்டமில்லை. பக்கிரி டீக்கடை பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு பஞ்சாயத்துத் தலைவர் முதல் பத்திரம் எழுதுகிறவர் வரை எல்லோருக்கும் சிக்கனத்தைப் பற்றியும் அடக்கத்தைப் பற்றியும் அளவோடு உண்பதைப் பற்றியும் பழமொழி பழமொழியாக எடுத்து விட்டான். அவர்கள் பதில் சொல்ல முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். "கேட்டுக்குங்க தலைவரே, நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அவன் ஒவ்வொரு பழமொழிக்குப் பின்னாலும் சொல்லுவான். முன்பு அவர்கள் அவனிடம் சொன்ன அதே வார்த்தை அது.

வைத்திலிங்கமும் அடங்கிப்போனார். அடங்குவதற்கு முந்தி அவர் வீட்டுக்குள் ஒரு வாரம் கழிந்தது, அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நொண்டும்.

அவர் மனைவி தையல்நாயகி. அரிசி மில் வைத்திருந்தவர் வீட்டு அரிசி அறைக்குச் சாவி அவர் அரைஞாணில்தான் தொங்கும். தினம் காலையில் கதவைத் திறந்து ஆழாக்கால் தலைதட்டி அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டுவார். பிறகு வியாபாரிகள், தரகர்கள், லாரிக்காரர்கள் என்று யாரையாவது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைப்பார். சோறு பற்றாதே என்று அவள் ஆரம்பித்தால், பெண்கள் சாப்பாட்டைப் பற்றி நம் முன்னோர்கள் யோசித்து வைத்ததற்கு அளவே இல்லை, அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்லிவிட்டு விருந்தாளிகளோடு சேர்ந்து சிரிப்பார். கடைசியில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று அவருக்குத் தெரியாது. கல்யாணமான நாள் முதல் அவர் அடுக்களை நிலைப்படியைத் தாண்டியதில்லை.

ஆடி மாதத்து அந்த ஒரு வாரம் அவர் பழக்கத்தை விட முடியாமல் அவளிடமும் பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார். நெய்யில் ஒன்று சொன்னார், அவர் இலையில் ஊற்றியிருந்த நெய் எழுந்து போய் அவள் தட்டில் விழுந்தது. கோபத்தில் தயிரில் ஒன்று சொன்னார், கட்டித் தயிரும் போயிற்று. அவள் நெய்யைச் சோற்றில் பிசைந்து உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தாலி கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்ட வாரம் அது ஒன்றுதான். அதன் பிறகு அவர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இந்த நிலைமையில்தான் அவர்களுடைய ஒரே மகள் நீலாயதாட்சிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வீட்டில் நீலா என்று கூப்பிடுவார்கள். மாப்பிள்ளைப் பையன் பாலிடெக்னிக் வாத்தியார், நீலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அப்படியே. சிக்கல் பையனிடத்தில் இல்லை, பந்தியில் இருந்தது.

கரைமேல்மங்கலத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தியில் இலை போட்டு, கறி கூட்டு வைத்து, சோறு விழுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் தாய்மாமன் விருந்தைக் குறை சொல்லி ஒரு பழமொழி சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பா அதற்கு ஈடாக ஒரு பழமொழி பதில் சொல்ல வேண்டும். மாமன் குறை, அப்பன் பதில் என்பார்கள். இரண்டும் சாப்பாட்டைப் பற்றியதாகவே இருக்கவேண்டும். அது முடிந்தால்தான் சம்பந்தம் உறைந்ததாக அர்த்தம், தாலி ஏறியிருந்தாலும் அது வரைக்கும் பெண் அப்பன் வீட்டுப் பெண்தான். சண்டையைக் கல்யாணத்தன்றே போட்டுத் தீர்த்துவிடலாம் என்று எந்தப் புத்திசாலியோ ஏற்படுத்தி வைத்தது. ஒரு காலத்தில் பதில் சொல்லாமல் விக்கித்து நின்ற ஒருவர் மகளைப் பந்தலிலேயே விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள், அவள் கிழவியாகிச் சாகும் வரை அப்பன் வீட்டில்தான் இருந்தாள் என்று சொல்வார்கள்.

தாய்மாமனுக்கு இதில் கஷ்டமில்லை. அன்றைக்குத் தன் வீட்டில் உலை வைக்காதே என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தால் போதும். பெண்ணைப் பெற்றவனுக்கு அப்படி முடியுமா? அவன் அடுக்களையில் ஊருக்கே சமைத்து வைத்திருக்கிறது. ஆவணியில் மளிகைக்கடைக்காரர் மகள் கல்யாணத்தில் அவர் வாய் தவறிப் பருப்பில் பதில் சொல்லிவிட, கல்யாணப் பருப்பு முழுவதும் சாம்பாரிலிருந்துகூடப் பிரிந்து வந்து மாமன் இலையில் குவிந்து மடியில் வழிந்தது. மாமன் வேட்டியை உதறிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார். மற்றவர்கள் புளித்தண்ணீரை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டுப் போனார்கள்.

"அப்பா, பதில் மட்டும் நல்லா யோசிச்சு வச்சுக்குங்கப்பா" என்று நீலா சொன்னாள். அவளுக்குப் பயம் இருந்தது. விருந்து பறந்து போனாலும் போகட்டும், அப்பா கஞ்சத்தனம் பார்த்து வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அவள் பயம்.

வைத்திலிங்கம் யோசித்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் சிங்காரவேலு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர், குறை சொல்வதில் பேர் வாங்கியவர், முகத்தில் பாதிக்கு மீசை வைத்திருந்தார். அந்த மீசையை நினைத்ததும் வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதனுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலக் கூழில் ஒரு பழமொழி இருக்கிறது, உங்களுக்கும் இப்போது நினைவுக்கு வந்திருக்கும், தயவு செய்து மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பதிலும் ஆயிற்று, ஆளை மட்டம் தட்டினதாயும் ஆயிற்று, அரிசி மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் கூழ் எங்கிருந்து வரப்போகிறது? ஒரு சொட்டுகூட நஷ்டமாகாது.

ஆனாலும் அவர் கவனமான ஆள். கல்யாணத்தன்று காலையில் சமையல் கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு அண்டாவாக மூடியைத் திறந்து பார்த்தார். "கூழு கீழு ஏதாச்சும் காச்சியிருக்கியா?" என்று சமையல்காரன் கோதண்டத்தைக் கேட்டார்.

கோதண்டத்துக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க பரம்பரையில கூழு காச்சினதில்லீங்க. பாதாம் அல்வா கேளுங்க, சொல்றேன்."

வேலையாட்களின் தூக்குவாளிகள் வேப்பமரத்தடியில் வரிசையாக இருந்தன, அவற்றில் கூழ் இருக்கலாம். இருந்தால் என்ன, அது அவரவர் அடுப்பில் காய்ந்தது. வைத்திலிங்கம் நிம்மதியாகத் திரும்பினார். தன் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

தாலி ஏறிற்று, மேளம் ஓய்ந்தது, வீட்டு வாசலை அடைத்துப் போட்ட பந்தலில் முதல் பந்திக்கு இலை விரித்தார்கள். ஊரே வந்து சுற்றி நின்றது. சாப்பிட வந்தவர்கள் பாதி, யார் இலையில் எது விழப்போகிறது என்று பார்க்க வந்தவர்கள் பாதி. சிங்காரவேலு நடு இலையில் பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார், கூட்டைத் தொட்டுப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டு கத்தரிக்காயில் ஒரு குறை சொன்னார். அருமையான குறை. மாப்பிள்ளை வீட்டார் ஆகா என்றார்கள். அவர் வீட்டு அடுப்பில் அன்று பூனை படுத்திருந்ததால் ஒன்றும் வரவில்லை.

எல்லோர் கண்ணும் வைத்திலிங்கத்திடம் திரும்பியது. மணையில் உட்கார்ந்திருந்த நீலா புருஷன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வைத்திலிங்கம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, சிங்காரவேலுவின் மீசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, கூழில் பதில் சொன்னார்.

பெண் வீட்டார் கை தட்ட ஆரம்பித்தார்கள், தட்டிய கைகள் பாதியில் நின்றன. வீட்டுக்குள்ளிருந்து, நிலைவாசல் வழியாக, ஆள் தோள் உயரத்தில், கெட்டியாகக் கரைத்த கேழ்வரகுக் கூழ் மிதந்து வந்தது. நறுக்கிய சின்ன வெங்காயம் அதில் மேலாக நின்றது. பாதி கடித்த மோர்மிளகாய் ஒன்று பின்னாலேயே தனியாக வந்தது. எல்லாம் சிங்காரவேலுவின் இலையில் இறங்கி, கூட்டையும் பொரியலையும் நனைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடிற்று. அவர் இலையின் விளிம்பை இரண்டு கையாலும் மடக்கித் தூக்கி வழியாமல் பிடித்துக்கொண்டார்.

பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். மில்லுக்காரர் வீட்டில் கூழ்!

அப்போது கூழுக்குப் பின்னாலேயே தையல்நாயகி வந்தாள். கல்யாணப் பட்டுப்புடவை, நெற்றியில் வேர்வையில் கரைந்த குங்குமம், கையில் காலி மண்சட்டி. கூட்டத்தைப் பார்த்தும் அவளுக்குக் கூச்சம் வரவில்லை, பசிதான் வந்தது.

"என் கூழை யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

சிங்காரவேலு தலையைக் குனிந்து இலையிலிருந்து ஒரு வாய் உறிஞ்சினார். கூழ் மீசையெல்லாம் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. இன்னொரு வாய் உறிஞ்சினார். குறை சொல்லியே பேர் வாங்கிய அந்த மனிதர் மோர்மிளகாயின் மிச்சத்தையும் எடுத்துக் கடித்தார்.

"உப்பு சரியா இருக்கு" என்றார். பிறகு தையல்நாயகியைப் பார்த்து, "ஏன் தங்கச்சி, மக கல்யாணத்தன்னிக்குமா கூழு?"

"தெனமும் இதுதாண்ணே" என்றாள் அவள். "அவுக அளந்து குடுக்குற அரிசி அவுக கூட்டியாற ஆளுங்களுக்கே காணாது. மில்லுத் தவிட்ட மாட்டுக்காரி கிட்ட குடுத்துட்டுக் கேவுரு வாங்கிக்குவேன். வெறவுக்குப் பின்னால சட்டி. இத்தினி வருசமா யாருக்கும் தெரியாது. இன்னிக்கு விடியக்காலமே எழுந்தது, ஒரு வாய் குடிச்சேன், தாலி கட்டக் கூப்புட்டாங்க, வச்சுட்டு வந்தேன். திரும்பிப் போயி சட்டியத் தூக்குறேன், எந்திரிச்சுப் போவுது."

அவள் இதைப் புகாராகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் இலையைப் பார்த்தார்கள். சிங்காரவேலு, "எங்க வூட்டு வெறவுக்குப் பின்னாலயும் ஒருநா பாக்கணும் போலருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கிரி மட்டும் வேப்பமரத்தடியில் நின்று, தன் தூக்குவாளியைத் திறந்து பார்த்து, தன் கூழ் பத்திரமாக இருப்பதைக் கண்டு மூடினான்.

சிங்காரவேலு கூழை முழுவதும் குடித்து முடித்துவிட்டு இலையைக் கீழே வைத்தார். "பதில் வந்துருச்சு சம்பந்தி, சம்பந்தமும் ஒறஞ்சுருச்சு. அதுல குத்தமில்ல. ஆனா நான் இந்தம்மா சாப்பாட்டச் சாப்புட்டுட்டேன். அவங்க எலையில சோறு விழாம இந்தப் பந்தியில ஒருத்தரும் கை வைக்கப்படாது. சாப்புடாம பந்தி எழுந்தா பொண்ணும் இங்கயேதான்."

நீலா மணையை விட்டு எழுந்தாள். "அம்மா, போயி ஒக்காருங்கம்மா" என்றாள். மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து சிங்காரவேலுவுக்குப் பக்கத்தில் விரித்தான். தையல்நாயகி மண்சட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

பரிமாற ஒருவரும் நகரவில்லை. கோதண்டம் சோற்றுக் கூடையைக் கொண்டுவந்து வைத்திலிங்கத்தின் காலடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

வைத்திலிங்கம் கூடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று, கன்னம் எப்போது இப்படி ஒட்டிப்போயிற்று? ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வதற்கென்று அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே சரக்குதான். பழக்க தோஷத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"மொதலாளி, வேணாம்!" என்று கோதண்டம் அலறினான். "பாயசம் இன்னும் எறக்கல!"

வைத்திலிங்கம் வாயை மூடினார். கண் எரிந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து கூடையைத் தூக்கினார். அவர் பரிமாறிப் பழகியதில்லை. முதல் கரண்டி இலைக்கு வெளியே விழுந்தது, இரண்டாவது உள்ளே விழுந்தது. பருப்பை வைத்தார், நெய்யை ஊற்றினார்.

எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியும். இரண்டாவது கரண்டி வரும்போதே இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் போதும் என்று சொல்லிவிட வேண்டும், பசித்தாலும் சொல்ல வேண்டும், பெண்பிள்ளை என்றால் முதல் கரண்டியிலேயே சொல்ல வேண்டும். தையல்நாயகி சொல்லவில்லை. அவர் இன்னொரு கரண்டி வைத்தார். அவள் பிசைந்து உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். சாம்பார் வந்தது, வற்றல்குழம்பு வந்தது, ரசம் வந்தது. இரண்டாம் பந்திக்காரர்கள் கயிற்றுக்கு வெளியே வெயிலில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள், மேளக்காரர்களுக்குப் பசி தாளவில்லை, ஐயர் கடியாரத்தைப் பார்த்தார். வைத்திலிங்கத்தின் முதுகு வளைந்து வளைந்து வலி எடுத்தது. அவர் கரண்டியோடு நின்று, போதுமா என்று கேட்கவும் தைரியமில்லாமல், அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு முறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த காலி மண்சட்டியை எடுத்து இலைக்குப் பக்கத்தில், அவர் கரண்டிக்கு எட்டும்படி, நகர்த்தி வைத்தாள்.